காப் கோணத்தின் நீண்ட ஆயுள்

முதுகெலும்பு வளைவை அளப்பதில் ஆழ்கற்றல் புதுயுகம் படைத்துவிட்டது என்பது பாதி உண்மைதான். 1948இல் நியூயார்க் எலும்பு மருத்துவர் ஜான் காப் வகுத்த முறையையே கணினியும் பின்பற்றுகிறது. எக்ஸ்ரே படத்தில் வளைவின் இரு முனைகளிலும் அதிகம் சாய்ந்த எலும்புகளைத் தேர்ந்து, மேலுள்ளதன் மேல்விளிம்பிலும் கீழுள்ளதன் கீழ்விளிம்பிலும் பென்சிலால் கோடிழுத்து, இடைக்கோணத்தைப் பாகைமானியால் அளந்தார்கள். இன்று 17 எலும்புகளுக்கு 68 மூலைப்புள்ளிகளை மென்பொருள் குறிக்கிறது. கணக்கிடுவது அதே கோணத்தைத்தான்.

அப்படியானால் லாபம் என்ன? ஒரே படத்தை இரு மருத்துவர்கள் அளந்தால் 5 பாகை வேறுபடுவது சகஜம். வளைவு கூடியதா, அளந்த கை மாறியதா என்ற குழப்பம் அதனால் வருகிறது. மென்பொருள் ஒரே படத்துக்கு ஒரே விடை தரும். ஆனால், அது கற்றது மனிதர் குறித்த புள்ளிகளிலிருந்து; முதுகெலும்பின் முப்பரிமாணத் திருகலைத் தட்டைப் படத்தில் தேடும் பழைய குறையும் அதோடு சேர்ந்தே வந்திருக்கிறது.