லேபிள்ல கிராம்பு இல்லை, மூக்குல மட்டும் எப்படி? பெல்ஜியம் டார்க் ஏலை ருசி பார்ப்பது இப்படித்தான்!

அடர் பழுப்பு நிறம். மேலே கெட்டியான நுரை. கிளாஸை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் கிராம்பு, உலர் திராட்சை, பழுத்த வாழைப்பழம், காய்ச்சிய சர்க்கரைப்பாகு என ஒவ்வொன்றாக வருகிறது. கிறிஸ்துமஸ் பிளம் கேக் டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு வாசம். ‘இதுல என்னென்ன மசாலா போட்டிருக்காங்க?’ என்று பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால், தண்ணீர், பார்லி மால்ட், சர்க்கரை, ஹாப்ஸ், ஈஸ்ட். அவ்வளவுதான்!

பக்கத்தில் இன்னொரு பாட்டில். அதே நிறம், கிட்டத்தட்ட அதே வாசம். ஆனா இதோட லேபிளில் மல்லி, அன்னாசிப்பூ, அதிமதுரம் என்று நம்ம வீட்டு அஞ்சறைப் பெட்டியே இருக்கிறது.

இரண்டில் எது நிஜ மசாலா, எது ஈஸ்ட் செய்யும் மாயம்? அதைப் பிரித்துச் சொல்வதுதான் பெல்ஜியம் பாணி டார்க் ஏலை ருசி பார்ப்பதில் இருக்கும் சுவாரஸ்யம். கூடவே ஓர் ஆபத்தும் இருக்கிறது. இந்த பீரின் இனிப்பும் வாசமும் உள்ளே இருக்கும் ஆல்கஹாலை அழகாக மறைத்துவிடும். ரெண்டையும் பார்த்துடலாம், வாங்க.

டார்க் ஏல்னா என்ன?

நாம் வழக்கமாகக் கேள்விப்படும் பீர்களில் பெரும்பாலானவை லாகர் வகை. குளிர்ந்த சூழலில், மெதுவாகப் புளிக்கவைக்கப்படுபவை. ஏல் வகை அதைவிட வெதுவெதுப்பான சூழலில், வேறு வகை ஈஸ்ட்டால் புளிக்கிறது. அதனால்தான் ஏலில் பழ வாசமும் மசாலா வாசமும் தூக்கலாக இருக்கும்.

பெல்ஜியம் டார்க் ஏலில் இரண்டு முக்கிய வகைகள். ஒன்று ‘டுபெல்’. ஆல்கஹால் பொதுவாக 6 முதல் 8 சதவிகிதம் வரை. வெஸ்ட்மல் மடாலயத்தின் டுபெல் இதற்கு நல்ல உதாரணம், அதில் 7 சதவிகிதம். அடுத்தது ‘ஸ்ட்ராங் டார்க் ஏல்’. 8-ல் தொடங்கி 11, 12 சதவிகிதம் வரை போகும். ஷிமே மடாலயத்தின் நீல லேபிள் பீரில் 9 சதவிகிதம்.

இங்கே ஒரு குழப்பம் வரும். ரோஷ்ஃபோர் மடாலயத்தின் பீர்களுக்கு 6, 8, 10 என்று எண்கள்தான் பெயர். அது ஆல்கஹால் சதவிகிதம் கிடையாது. புளிக்கவைக்கும் முன் அந்தக் கரைசல் எவ்வளவு அடர்த்தியாக இருந்தது என்பதைச் சொல்லும் பழைய பெல்ஜியம் அளவுமுறை அது. ‘10’ என்று போட்ட பாட்டிலில் உண்மையில் இருப்பது 11.3 சதவிகிதம்!

பீரில் மசாலா எப்படி வந்தது?

ஹாப்ஸ் பூக்கள் பரவலாவதற்கு முன், ஐரோப்பாவில் பீருக்கு வாசனை தந்தது மூலிகைக் கலவைதான். அதற்கு ‘க்ரூட்’ என்று பெயர். இந்தக் கலவையை விற்கும் உரிமை பெரும் பணம் கொழிக்கும் விஷயம். பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரில் அந்த உரிமையை வைத்திருந்த குடும்பத்துக்கு ‘க்ரூட்ஹூஸ’ என்றே பெயர் நிலைத்தது. அவர்கள் வாழ்ந்த மாளிகை இன்று அருங்காட்சியகம்.

1516-ல் ஜெர்மனியின் பவேரியாவில் ‘பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறு எதுவும் கூடாது’ என்று சட்டம் வந்தது. பெல்ஜியம் பகுதிகள் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை அல்ல. அதனால் சர்க்கரை, மல்லி, ஆரஞ்சுத் தோல் எல்லாம் அங்கே பீர் அண்டாவுக்குள் போவது தவறாகப் பார்க்கப்படவில்லை. அதே 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கேரளக் கடற்கரையில் போர்ச்சுக்கீசியர்கள் ஏற்றிய மிளகு, வட ஐரோப்பாவுக்கு விற்பனையான பெரிய சந்தையே பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரம்தான். மசாலா அந்த ஊருக்குப் புதுசே இல்லை.

பீர் இவ்வளவு ஸ்ட்ராங் ஆனதற்கும் ஒரு கதை உண்டு. 1919-ல் பெல்ஜியம், பார்களில் ஜின் போன்ற கடும் மதுவைப் பரிமாறத் தடை போட்டது. ‘கிக்’ தேடியவர்கள் ஸ்ட்ராங் பீர் பக்கம் திரும்பினார்கள். தடை 1980-களில் நீங்கிவிட்டது, பீர் பழக்கம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. 2016-ல் பெல்ஜியத்தின் பீர் கலாசாரத்தை யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பாரம்பர்யப் பட்டியலில் சேர்த்தது.

வாசம் வரும் மூன்று வழிகள்

1. மால்ட்டும் சர்க்கரையும்: உலர் திராட்சை, பேரீச்சை, கேரமல் வாசம் இங்கிருந்துதான். பெல்ஜியத்தில் ‘கேண்டி சுகர்’ என்ற காய்ச்சிய பீட்ரூட் சர்க்கரைப்பாகைச் சேர்ப்பார்கள். கறுப்பு நிறத்தில் பெரும்பங்கு இதனுடையதே. அதனால்தான் பார்க்கக் கறுப்பாக இருந்தாலும் ஸ்டவுட் பீர் போல காபிக் கசப்பு இருக்காது. இந்தச் சர்க்கரையில் பெரும்பகுதியை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றிவிடும். எனவே பீர் கனமாகாமலேயே போதை மட்டும் ஏறும்.

2. ஈஸ்ட்: லேபிளில் இல்லாத கிராம்பின் ரகசியம் இதுதான். தானியத்தில் இயற்கையாக இருக்கும் ஃபெருலிக் அமிலத்தை பெல்ஜியம் ஈஸ்ட் ‘4-வினைல் குவாயகால்’ என்ற பொருளாக மாற்றுகிறது. நிஜ கிராம்பின் வாசத்துக்குக் காரணமான யூஜினால் இதற்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. வாழைப்பழ வாசமும் ஈஸ்ட் வேலைதான். ‘ஐசோஅமைல் அசிடேட்’ என்ற அந்தப் பொருள் நிஜ வாழைப்பழத்திலும் இருக்கிறது.

3. நிஜ மசாலா: மல்லி, ஆரஞ்சுத் தோல், அன்னாசிப்பூ, அதிமதுரம், பட்டை போன்றவை. ரோஷ்ஃபோரில் மல்லி சேர்க்கிறார்கள், ஆனால் மிகக் கொஞ்சம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஓமகாங் ப்ரூவரியின் ‘அபே ஏல்’ பெல்ஜியம் பாணியில் தயாராவது. அதில் மல்லி, அன்னாசிப்பூ, அதிமதுரம், ஆரஞ்சுத் தோலோடு சீரகமும் உண்டு. பெல்ஜியத்தில் கிறிஸ்துமஸுக்காகத் தயாராகும் குளிர்கால டார்க் ஏல்கள் பலவற்றில் மசாலா இன்னும் தூக்கலாக இருக்கும்.

பீர் இல்லாமலே ஒரு பயிற்சி

ருசி பார்ப்பவருக்கு முதலில் தேவை நல்ல மூக்கு. அதைப் பழக்க பீரே வேண்டாம், சமையலறை போதும். இடித்த மல்லி, கிராம்பு, அன்னாசிப்பூ, உலர் திராட்சை, வெல்லப்பாகு... ஐந்தையும் தனித்தனிக் கிண்ணத்தில் வையுங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு, ஃப்ரெண்ட் ஒருவரை மாற்றி மாற்றி நீட்டச் சொல்லுங்கள். ‘தெரிஞ்ச வாசம்தான், ஆனா பேரு வரலையே’ என்று கட்டாயம் ஒருமுறையாவது முழிப்பீர்கள். வாசத்தோடு பெயரை ஒட்டவைப்பதுதான் இந்தப் பயிற்சி.

அடுத்து, மூக்கை இறுக்கப் பிடித்துக்கொண்டு நாலு மல்லியை மெல்லுங்கள். மல்லியின் வாசமே தெரியாது. விரலை எடுத்ததும் குப்பென்று ஏறும். நாம் ‘ருசி’ என்று சொல்வதில் பெரும்பகுதி, தொண்டை வழியாக மூக்குக்குப் போகும் வாசம்தான். பீருக்கும் இதே கதை.

ருசி பார்க்கும் முறை: ஸ்டெப் பை ஸ்டெப்

குளிர்ச்சி: ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தால் வாசம் அடங்கிவிடும். 10 முதல் 14 டிகிரி செல்சியஸ் சரியான அளவு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சற்று நேரம் வெளியே வைத்தால் போதும்.

கிளாஸ்: வாய் அகன்ற, காம்பு வைத்த கிண்ணம் போன்ற கிளாஸ் அல்லது துலிப் வடிவக் கிளாஸ். வாசம் சேர இடம் வேண்டும் என்பதால் பாதி அளவுக்கு மேல் ஊற்றக் கூடாது.

ஊற்றுவது: இவற்றில் பல, பாட்டிலுக்குள்ளேயே மறுபடி புளித்தவை. நுரை பொங்கும், அடியில் ஈஸ்ட் வண்டல் இருக்கும். கிளாஸைச் சாய்த்து மெதுவாக ஊற்றி, கடைசி ஒரு சென்டிமீட்டரைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.

பார்வை: வெளிச்சத்தில் பிடியுங்கள். கறுப்பு என்று நினைத்தது ஓரத்தில் செம்பழுப்பாக மின்னும். நுரை கிளாஸில் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டே இறங்கினால் நல்ல அறிகுறி.

முகர்வது: நீண்ட மூச்சு வேண்டாம். குட்டி குட்டியாக இரண்டு மூன்று முறை போதும். முதலில் தோன்றுவதை அப்படியே போனில் டைப் செய்துவிடுங்கள். பக்கத்தில் இருப்பவர் ‘சாக்லேட்’ என்று சொல்லிவிட்டால், அப்புறம் உங்களுக்கும் சாக்லேட்தான் தெரியும்! பெர்ஃப்யூம் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள்.

முதல் வாய்: ஒரு ஸ்பூன் அளவு. நாக்கு முழுக்கப் பரவவிட்டு விழுங்கி, மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். இனிப்பு எப்போது வந்தது, கசப்பு எப்போது வந்தது, கடைசியில் எது தங்கியது என்று கவனியுங்கள்.

காத்திருப்பது: பத்து நிமிடம் கழித்து மறுபடி முகருங்கள். சூடு ஏற ஏற வாசம் விரியும். முதலில் பதுங்கியிருந்த ஆல்கஹால் காரமும் இப்போது எட்டிப்பார்க்கும்.

மசாலாவா, ஈஸ்ட்டா?

கிராம்பு, மிளகு, வாழைப்பழம் ஆகிய மூன்றும் ஈஸ்ட்டிலிருந்தே வரலாம். அவை மட்டும் தெரிந்தால் ‘மசாலா போட்டிருக்காங்க’ என்று அவசரப்பட வேண்டாம். பட்டை, சீரகம், ஆரஞ்சுத் தோல் போன்றவை பளிச்சென்று தனியாகத் தெரிந்தால், சேர்த்திருக்க வாய்ப்பு அதிகம். கடைசியில்தான் லேபிளைப் பார்க்க வேண்டும். விடைத்தாளை முதலிலேயே பார்த்துவிட்டால் அப்புறம் என்ன பரீட்சை?

நல்ல டார்க் ஏலில் மசாலா ரசத்தில் பெருங்காயம் மாதிரி இருக்க வேண்டும். இருப்பது தெரியணும், தனியாக நிற்கக் கூடாது. மல்லி கூடிப்போனால் சோப்பு வாசம் அடிக்கும். கிராம்பு அதிகமானால் நாக்கு மரத்துப் பல்டாக்டர் கிளினிக் ஞாபகம் வரும்.

நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் காற்றுபட்டுக் கெட்டது. நெய்ல் பாலிஷ் ரிமூவர் வாசம் வந்தால் புளித்த விதத்தில் கோளாறு. வினிகர் புளிப்பும் இந்த வகை பீருக்குக் குறைதான்.

கூட என்ன சாப்பிடுவார்கள்?

பெல்ஜியத்தில் டார்க் ஏலை ஊற்றியே மாட்டிறைச்சியை மணிக்கணக்கில் வேகவைத்து, உருளைக்கிழங்கு ஃபிரைஸோடு சாப்பிடுவார்கள். மடாலயங்களின் சீஸும் சாக்லேட்டும் நல்ல ஜோடி. டிசம்பர் 6 செயின்ட் நிக்கோலஸ் நாளையொட்டிச் செய்யும் ‘ஸ்பெக்குலோஸ்’ பிஸ்கட்டில் பட்டையும் கிராம்பும் இருப்பதால், அதைக் கடித்துவிட்டு முகர்ந்தால் பீரின் வாசம் இன்னும் தெளிவாகப் பிரியும்.

இந்தக் கணக்கைப் பாருங்க பாஸ்!

பாட்டில் சின்னது, 330 மி.லி. தான். ‘ஒரே ஒரு பீர்தானே’ என்று தோன்றும். 9 சதவிகித பீர் என்றால் அதில் கிட்டத்தட்ட 30 மி.லி. சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 42.8 சதவிகித விஸ்கியின் 30 மி.லி. பெக்கில் இருப்பது சுமார் 13 மி.லி. மட்டுமே. அதாவது, அந்த ‘ஒரே ஒரு பீர்’ இரண்டு ஸ்மால் பெக்குக்கும் மேலே! 11.3 சதவிகித ரோஷ்ஃபோர் 10 என்றால் ஏறக்குறைய மூன்று.

விஸ்கி தொண்டையில் எரிந்து எச்சரிக்கும். இந்த பீரில் திராட்சை வாசமும் இனிப்பும் அந்த எச்சரிக்கையை அமுக்கிவிடும். 9 சதவிகித பாட்டில் ஒன்றில் இருக்கும் ஆல்கஹாலை உடல் வெளியேற்ற இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஆகலாம். நம் நாட்டில் 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். ‘நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்’ என்பது ரத்தத்துக்குத் தெரியாது.

உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது இன்னும் நேரடியானது: பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவுமே இல்லை. ஆல்கஹால் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் இருக்கிறது. குடிக்காதவர்கள் இதற்காகத் தொடங்க வேண்டியதில்லை. அஞ்சறைப் பெட்டிப் பயிற்சியிலேயே பாதி சுவாரஸ்யம் கிடைத்துவிடும்.

ஏற்கெனவே குடிப்பவர்கள், சட்டப்படியான வயதைக் கடந்தவர்கள் என்றால், ஒரு பாட்டிலை நாலு பேர் பகிருங்கள். ஆளுக்குச் சுமார் 80 மி.லி. பார்க்க, முகர, காத்திருக்க, மறுபடி முகர அது தாராளம். கிராம்பு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதற்கு அதற்கு மேல் ஒரு சொட்டும் தேவையில்லை. மூக்குக்குத்தான் இங்கே வேலை, வயிற்றுக்கு இல்லை!