சௌரிராஜனின் சவ்வு

ஸ்ரீரங்கத்தில் எங்கள் உத்தர வீதியில் ஆர்.ஓ. பெட்டி இல்லாத வீடுகளை இன்று விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆடியில் காவிரி செங்கலங்கலாக வரும்போது பானையின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை இழைத்துவிட்டு, தெளியும்வரை காத்திருந்தவர்கள் நாம். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சவ்வுக்கு வழி திறந்த இருவரில் ஒருவர் ஸ்ரீநிவாச சௌரிராஜன். பெயரைப் படித்ததும் எனக்குத் திருக்கண்ணபுரம் பெருமாள்தான் நினைவுக்கு வந்தார்.

1950களின் பிற்பகுதி. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆராய்ச்சி. உப்புநீரின் மேற்பரப்பில் உப்பில்லாத நீர் மிக மெல்லிய ஏடாகப் படிந்திருக்கும். பாலாடையைப் போல அதை வழித்தெடுக்க முடியுமா என்று யோசித்தவர் பேராசிரியர் சாமுவேல் யூஸ்டர். தண்ணீரை விரும்பும் பொருளின் மேலும் அப்படி ஏடு படியும், அதில் நுண்துளைகள் இருந்தால் அழுத்தம் கொடுத்து அந்த ஏட்டை மட்டும் மறுபக்கம் தள்ளிவிடலாம் என்பது சௌரிராஜனின் வழி.

புளோரிடாவில் ரீட், பிரெட்டன் இருவரும் செல்லுலோஸ் அசிடேட் படலம் உப்பை நிறுத்தும் என்று ஏற்கெனவே காட்டியிருந்தார்கள். ஆனால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. சௌரிராஜனும் சிட்னி லோப் என்பவரும் அசிடோனில் கரைத்த செல்லுலோஸ் அசிடேட்டுடன் கொஞ்சம் தண்ணீரும் மக்னீசியம் பெர்குளோரேட் என்ற உப்பும் சேர்த்தார்கள். கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் பரப்பி, ஐஸ் தண்ணீரில் முக்கி, பிறகு வெந்நீரில் பதப்படுத்தினார்கள். மேலே மெல்லிய தோல், அடியில் பஞ்சு போன்ற பகுதி. தண்ணீர் பத்து மடங்குக்கு மேல் வந்தது! சவ்வைத் திருப்பிப் போட்டால் மட்டும் பலிக்காது. 1965ல் கலிபோர்னியாவின் கோலிங்கா ஊரில் இந்தச் சவ்வை வைத்துக் குடிநீர் நிலையம் வந்துவிட்டது. சௌரிராஜன் அதற்குள் கனடாவின் ஒட்டாவாவுக்குப் போய்விட்டார்.

செல்லுலோஸ் அசிடேட்டுக்குத் தண்ணீர் பிடிக்கும்; ஆனால் காரம் ஆகாது, கிருமியும் அரித்துவிடும். பின்னால் வந்த பாலிசல்போன் பலசாலி, ஆனால் சேப்பங்கிழங்கு இலை மாதிரி தண்ணீரை ஒட்டவிடாது. தண்ணீர் ஒட்டாத பரப்பில் எண்ணெய்ப் பசையும் புரதமும் ஒட்டிக்கொண்டு துளைகளை அடைத்துவிடும். அதனால் நீரை விரும்பும் ஒரு பொருளை வார்க்கும்போதே கலந்துவிடுகிறார்கள். அதில் ஒரு பகுதி தண்ணீரில் கரைந்து வெளியேறித் துளை உண்டாக்குகிறது. மீதி உள்ளேயே தங்கிச் சவ்வைத் தண்ணீருக்கு இணங்க வைக்கிறது.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் நண்பர். வாரம் இரண்டு முறை தில்லைநகர்ப் பக்கம் டயாலிசிஸ். துணைக்கு நான். நான்கு மணி நேரம் அந்தக் குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு முழம்கூட இராது. உள்ளே தலைமுடி போன்ற ஆயிரக்கணக்கான பொள்ளல் இழைகள். பல குழாய்களில் அவை பாலிசல்போன். கூடக் கலந்திருப்பது பாலிவினைல்பைரோலிடோன். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் காயம்பட்டவர்களுக்கு ரத்தத் திரவத்துக்குப் பதிலாக ஏற்றிய அதே பொருள். அது இல்லையென்றால் ரத்தத்தின் புரதம் இழைகளில் இன்னும் அதிகமாக அப்பிக்கொள்ளும்.

நம் துவாக்குடி என்.ஐ.டி.யின் வேதிப் பொறியியல் துறையிலும் இப்படிக் கலந்து கலந்து சவ்வு வார்த்துப் பார்க்கிறார்கள். ஆர்.இ.சி. என்றே சொல்லிப் பழகிய வாய்க்கு என்.ஐ.டி. இன்னும் வரமாட்டேன் என்கிறது.

போன வாரம் நண்பரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். குழாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சௌரிராஜனா, நம்ம பக்கத்துப் பேரா இருக்கே ஓய்" என்றார். பிறகு தூங்கிவிட்டார்.