ஐந்து சென்ட் தாளை முடித்த சட்டம் எது? ஸ்பென்சர் கிளார்க்கின் உருவமும் 1866-இன் இரு சட்டங்களும்

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலச் சில்லறைத் தாள்நாணயங்களின் மூன்றாம் வெளியீட்டில் ஐந்து சென்ட் தாளுக்குத் தனி வரலாறு உண்டு. அதிலுள்ள தாடிக்காரர் ஸ்பென்சர் எம். கிளார்க். அந்தத் தாள்களை அச்சிட்ட கருவூலப் பிரிவுக்கே அவர்தான் தலைவர். சேகரிப்பாளர் கையேடுகளில் வழிவழியாக வந்துகொண்டிருக்கும் விளக்கம் இது: காங்கிரஸ் கிளார்க் என்று குறிப்பிட்டது மேற்குப் பயணம் போன வில்லியம் கிளார்க்கை, ஸ்பென்சர் கிளார்க் அந்தப் பெயர் ஒற்றுமையைப் பயன்படுத்தித் தன் முகத்தைப் பதித்துக்கொண்டார், வெகுண்ட காங்கிரஸ் உயிரோடிருப்பவர் உருவத்தைத் தடைசெய்தது, அதனால் அந்தத் தாள் ஒழிந்தது. இந்த விளக்கத்தின் கடைசிக் கண்ணி சட்டவாசகத்தின் முன் நிற்காது என்பதே இக்கட்டுரையின் வாதம். தடைச்சட்டம் வந்தது உண்மை, தாள் நின்றதும் உண்மை. ஆனால் ஒன்று மற்றதற்குக் காரணமன்று.

1866 ஏப்ரல் 7-ஆம் நாள் நிறைவேறிய ஒதுக்கீட்டுச் சட்டத்தின் ஒரு பிரிவில் அந்தத் தடை இருக்கிறது. பென்சில்வேனியாவின் ரசல் தேயர் அவையில் எழுப்பிய கண்டனத்தின் விளைவு அது. ஆனால் இனிமேல் செதுக்கப்படும் உருவங்களை மட்டுமே அது கட்டுப்படுத்துகிறது. முன்பே செதுக்கி முடித்த தகடுகளை அது தொடவில்லை. புழங்கிக்கொண்டிருந்த தாள்களைத் திரும்பப் பெறவும் சொல்லவில்லை. இதற்குச் சான்று அதே மூன்றாம் வெளியீட்டிலேயே இருக்கிறது. இருபத்தைந்து சென்ட் தாளில் முன்னாள் கருவூலச் செயலர் ஃபெசென்டன். ஐம்பது சென்ட் தாள்களில் ஒருவகையில் கருவூலத் தலைவர் ஸ்பின்னர். இருவருமே அப்போது உயிரோடிருந்தவர்கள். அந்த வெளியீடு 1869 ஆகஸ்ட் 16 வரை நீடித்தது. ஃபெசென்டன் இறந்தது 1869 செப்டம்பரில். ஸ்பின்னரோ 1890 வரை வாழ்ந்தார். ஏப்ரல் சட்டம் கிளார்க் தாளை நிறுத்தியது என்றால் இவ்விரண்டையும் சேர்த்தே நிறுத்தியிருக்க வேண்டும். இந்த முரணைப் பழைய விளக்கம் கண்டுகொள்வதே இல்லை.

ஐந்து சென்ட் தாளை நிறுத்தியது அதே ஆண்டு மே 16-ஆம் நாள் சட்டம். ஐந்து சென்ட் நிக்கல் நாணயத்துக்கு வழிவகுத்த அந்தச் சட்டம், பத்து சென்ட்டுக்குக் குறைந்த மதிப்பில் சில்லறைத் தாள் இனி வெளியிடலாகாது என்றது. கருவூலத்துக்குத் திரும்பி வருபவற்றை அழிக்கவும் ஆணையிட்டது. இதுவும் கிளார்க்கை ஒழிக்கும் மறைமுக வழிதானே என்று கேட்கலாம்; இடைவெளி ஆறு வாரத்துக்கும் குறைவு என்பதால் கேள்வி நியாயமானதே. ஆனால் 1865 மார்ச் 3-இல் மூன்று சென்ட் நிக்கல் நாணயத்தை ஏற்படுத்திய சட்டமும் இதே அமைப்பில், ஐந்து சென்ட்டுக்குக் குறைந்த தாள்களை நிறுத்தியது. அப்போது மறைந்த மூன்று சென்ட் தாளில் இருந்தது ஜார்ஜ் வாஷிங்டன் முகம். வாஷிங்டன் மேல் யாருக்கும் கோபமில்லை. நாணயம் வர, அதே மதிப்புள்ள தாள் விலகும் என்ற ஒழுங்கு முன்னரே தொடங்கிவிட்டது. கிளார்க் தாள் அதன் இரண்டாம் படி. கிளார்க் 1868 வரை பதவியில் நீடித்தார் என்பதும் கோபத்தின் எல்லையைக் காட்டுகிறது.

தாள்களின் பின்புற நிறத்தையும் இங்கே எடுத்துக்கொள்ளலாம். ஐந்து சென்ட் தாளில் சிவப்புப் பின்புறம், பச்சைப் பின்புறம் என இருவகை. ஒவ்வொன்றிலும் சில தாள்களின் முகப்பில் ஒரு சிறு ஆங்கில எழுத்து காணப்படும். முதலில் வந்தது சிவப்பு, பிறகு பச்சை. இன்று சிவப்பே அரிது, பச்சை எளிதாகக் கிடைக்கிறது. எதிர்ப்பு காரணமாக அச்சு பாதியில் வெட்டப்பட்டிருந்தால் பின்வந்த வகை அருகியிருக்க வேண்டுமே? பிழைத்து நிற்கும் எண்ணிக்கையை அச்சிட்ட எண்ணிக்கையாகக் கொள்ளக் கூடாது என்ற மறுப்பை ஒப்புக்கொள்கிறேன். ஐந்து சென்ட் தாளில் அச்சான ஆண்டைக் காட்டும் குறியும் இல்லை. எனவே பச்சை வகை எந்த மாதத்தில் நின்றது என்று தாளைக் கொண்டே சொல்ல முடியாது. ஆனாலும் இந்தச் சான்று சாயும் பக்கம் பழைய விளக்கத்தின் பக்கமன்று.

பெயர்க்குழப்பக் கதைக்கும் இதே கதிதான். 1838-இல் இறந்த பயணியின் பெயர் மற்ற உருவங்களின் வரிசையில் ஒட்டவில்லை. 1861-இன் பத்து டாலர்த் தாளில் லிங்கன், 1862-இன் ஒரு டாலர்த் தாளில் சேஸ், பிறகு ஃபெசென்டன், ஸ்பின்னர் எனப் பதவியிலிருப்போரைப் பொறிப்பது கருவூலத்தின் வழக்கமாகவே இருந்தது. கிளார்க் மீறியது உயிரோடிருந்தவர் என்ற எல்லையையன்று, தகுதியின் எல்லையை. 1864-இல் கார்ஃபீல்டு தலைமையிலான அவைக்குழு அவரது அச்சுப் பிரிவை விசாரித்திருந்தது. அந்த நிழலில் ஒரு பிரிவுத்தலைவர் வாஷிங்டனுக்கு அடுத்த தாளில் தோன்றியதே எரிச்சலுக்குப் போதும்.

தீராத சிக்கல் ஒன்றே மிஞ்சுகிறது: கிராண்ட், ஷெர்மன் என்ற இரு தளபதிகளின் உருவம் தாங்கிய பதினைந்து சென்ட் தாள். அது புழக்கத்துக்கே வரவில்லை. ஒருபக்க மாதிரிகளாக மட்டும் கிடைக்கிறது. போலித்தாள்களை அடையாளம் காண வங்கிகளுக்குக் கருவூலம் 1866-67-இல் விற்ற கேடய வடிவ அட்டைகளிலும் அது ஒட்டப்பட்டுள்ளது. தடையே அதை முடக்கியது என்கின்றன கையேடுகள். தகடு ஏப்ரல் 7-க்குப் பிறகு செதுக்கப்பட்டிருந்தால் அது சரி. முன்பே செதுக்கப்பட்டிருந்தால் சட்டம் அதைத் தடுத்திருக்காது. 1869-இல் பதினைந்து சென்ட் தாள் தேவைப்பட்டபோது கருவூலம் கொலம்பியா உருவத்தைப் புதிதாகச் செதுக்கியது. ஆனால் அப்போது ஃபெசென்டன், ஸ்பின்னர் தகடுகளையும் சேர்த்தே கைவிட்டது. ஆகவே அதுவும் எதையும் முடிவுசெய்யவில்லை. ஜெஃப்ரீஸ், அலிசன் ஆகிய பதிவாளர்களின் கையொப்பம் பெற்ற மாதிரிகள் கையொப்பமிட்ட காலத்தைத்தான் காட்டும், தகட்டின் காலத்தையன்று. அந்தத் தகடு செதுக்கப்பட்ட நாளுக்கு ஆவணம் கிட்டும்வரை, சட்டத்தால் நிறுத்தப்பட்டது என்ற குறிப்பை அட்டவணைகள் இந்த ஒரு தாளுக்கேனும் கேள்விக்குறியோடு அச்சிட வேண்டும். ஐந்து சென்ட் தாளுக்கோ அக்குறிப்பை நீக்கிவிட்டு மே மாதச் சட்டத்தை இட வேண்டும்.