விதியின் மேல் பழி போடாத பாண்டியன்

எங்கள் புளியங்குடியில் எலுமிச்சை விலை இறங்கிவிட்டால் டீக்கடையில் முதலில் கேட்கும் வார்த்தை, "எல்லாம் தலையெழுத்து". விலை ஏறினால் அந்த வார்த்தை காணாமல் போய்விடும். அப்போது எல்லாம் அவரவர் சாமர்த்தியம்!

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அதனால் ஹோமரின் இலியட் கதை எனக்குப் பள்ளியிலேயே அறிமுகம். சிலப்பதிகாரத்தை வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் முழுதாகப் படித்தேன். இரண்டையும் சேர்த்து நினைக்கையில் தோன்றியதை இங்கே எழுதுகிறேன்.

கிரேக்கர் விதியை 'மொய்ரா' என்றார்கள். அந்தச் சொல்லுக்குப் பங்கு என்று பொருள். அவரவருக்கு அளந்து வைத்த பங்கு. நம் தமிழிலும் 'பால்' என்றால் பகுதி. அதற்கே ஊழ் என்ற பொருளும் உண்டு. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மொழிகள் ஒரே மாதிரி நினைத்திருக்கின்றன.

இலியட்டில் தேவர்களுக்குத் தலைவரான சீயுஸ், தன் மகன் சார்பிடான் போரில் சாகப் போவதை அறிந்து காப்பாற்ற நினைக்கிறார். மனைவி ஹீரா தடுத்ததும் மனம் நொந்து விட்டுவிடுகிறார். ஆனால் அதே காவியத்தில் அகிலீஸ் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. போர்க்களத்தில் நின்றால் குறைந்த ஆயுளும் அழியாத புகழும். ஊர் திரும்பினால் புகழில்லாத நீண்ட ஆயுள். தேர்ந்தெடுக்க வேண்டியவன் அவன்தான்.

நம் வள்ளுவரும் 38ஆம் அதிகாரத்தில் ஊழின் வலிமையைச் சொல்லிவிட்டு, 62ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமையில் சளைக்காமல் முயல்பவன் அந்த ஊழையே தோற்றோடச் செய்வான் என்கிறார்.

சிலப்பதிகாரம் ஊழ்வினைக் காவியம். கோவலன் முற்பிறவியில் கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் பரதன் என்ற பெயரில் இருந்து, சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக் கொடுத்தான். அந்த வினைதான் மதுரையில் வந்து பிடித்தது என்று மதுராபதித் தெய்வமே கண்ணகிக்குச் சொல்கிறது.

இப்போது இரண்டு அரசர்களைப் பாருங்கள். அகமெம்னான் அகிலீஸிடமிருந்து ஒரு பெண்ணைப் பறித்தான். அந்தச் சண்டையால் எத்தனையோ வீரர்கள் மாண்டார்கள். பிறகு சபையில் நின்று, நான் காரணமில்லை, சீயுஸும் மொய்ராவும்தான் என் புத்தியை மயக்கினார்கள் என்கிறான். ஆனாலும் நஷ்ட ஈடு கொடுக்கிறான். அதையும் சொல்ல வேண்டும்.

பாண்டியன் நெடுஞ்செழியன் பொற்கொல்லன் பேச்சை நம்பி, விசாரிக்காமல் கோவலனைக் கொல்லச் சொன்னவன். கண்ணகி சிலம்பை உடைத்தபோது முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறித்தது. ஊழ் என்று சொல்லித் தப்பிக்க அவனுக்கு முழு வாய்ப்பு இருந்தது. அவன் சொல்லவில்லை. தானே கள்வன் என்று சொல்லி அரியணையிலேயே உயிரை விட்டான். நடந்ததற்கு ஊழ் காரணமாக இருக்கலாம். பொறுப்பு தன்னுடையது என்று அவன் ஏற்றுக்கொண்டான்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ஃபைல் ஞாபகம் வரும். நான் குமாஸ்தாவாக இருந்த காலம். கணவனை இழந்த ஒரு அம்மா குடும்ப ஓய்வூதியத்துக்காக மாதக்கணக்கில் அலைந்தார். ஒரு நாள் எரிச்சலில், "உங்க தலையெழுத்தும்மா, நான் என்ன செய்ய?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "தலையில எழுதினது கடவுளா இருக்கட்டும் சார். ஃபைல்ல எழுத வேண்டியது நீங்கதானே?" என்றார்.

அன்று சாயங்காலம் கட்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். ஃபைல் மேலதிகாரியிடம் போகவே இல்லை. என் மேஜையில், என் கட்டுக்கு அடியில்தான் கிடந்தது. மறுநாளே குறிப்பு எழுதி அனுப்பினேன். அவருக்குப் பணம் கிடைத்தது. ஆனால் தவறு என்னுடையது என்று அவரிடம் நான் சொல்லவில்லை. ஒரு பாண்டியனுக்கு இருந்த தைரியம் ஒரு குமாஸ்தாவுக்கு இல்லாமல் போனது.

விதி உண்டா இல்லையா என்று எழுபது வயது தாண்டியும் எனக்குத் தெரியவில்லை. அடுத்தவர் கஷ்டத்துக்கு விதி என்று சொல்லும் முன், நம் மேஜையை ஒரு முறை பார்த்துவிட வேண்டும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.