செந்நிறம் தந்த சாயவேர்

மேலைநாட்டு நூதனசாலைகளில் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் போற்றப்படும் சோழமண்டலக் கரைச் சீத்தைத் துணிகளுக்கும் நமது மன்னார் மணலுக்கும் ஓர் உறவு உண்டு. அந்த உறவின் பெயர் சாயவேர். சித்த மருத்துவர் இச்செடியை இம்பூறல் என்பர்.

கலம்காரி என்பது எழுதுகோல் வேலை எனப் பொருள்படும் பாரசீக வழிச் சொல். ஆனால் மசூலிப்பட்டணத்துக் கைவினைஞர் சிவப்பு வண்ணத்தை நேரே துணியில் தீட்டுவதில்லை. துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் தோய்த்து உலர்த்துவர். இரும்பும் வெல்லமும் புளித்த நீரால் கறுப்புக் கோடுகள் இடுவர். சிவக்கவேண்டிய இடத்தில் கோலாலோ அச்சுக்கட்டையாலோ படிகார நீரைப் பதிப்பர். பின்னர் சாயவேருடன் கொதிக்க வைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டுமே நிலையாகச் சிவக்கும். மற்ற இடத்துச் சாயம் கழுவிக் கழுவி வெயிலில் உலர்த்த நீங்கிவிடும்.

துவைத்தாலும் மங்காத இந்தச் சிவப்பில் ஐரோப்பா மயங்கியது. உள்நாட்டு நெசவைக் காக்கவென்று பிரான்ஸ் 1686இலும் இங்கிலாந்து 1700, 1721ஆம் ஆண்டுகளிலும் இத்துணிகளுக்கு எதிராகச் சட்டம் இயற்றவேண்டி வந்தது.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், சாயவேரின் விலையறிந்து அதனைத் தம் தனியுரிமையாக்கினர். ஆயினும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் வெயிலிற் குனிந்து வேர் கிண்டியவர்கள் யார்? பிறப்பினாலேயே இந்த ஊழியத்துக்கு உரியோர் என ஒதுக்கப்பட்ட மக்கள். மெல்லிய வேர் அறுந்துவிடாமல் மணலிலிருந்து எடுப்பதே ஒரு கலை. அதனைக் கலையென்று எவரும் எழுதிவைத்ததாக நான் காணவில்லை.

1868இல் ஜேர்மனிய இரசாயன அறிஞர் கிறேபேயும் லீபர்மனும் அலிசரின் என்னும் செஞ்சாயத்தை ஆய்வுகூடத்திலேயே ஆக்கினர். நாளடைவில் வேருக்குச் சந்தை இல்லாமற் போயிற்று.

நூதனசாலைச் சீட்டில் துணியின் ஊரும் காலமும் இருக்கின்றன. எழுதியவர் பெயர் பெரும்பாலும் இல்லை. வேர் கிண்டியவர் பற்றிப் பேச்சே இல்லை. கட்டாய ஊழியத்தின் வியர்வையை மறந்துவிட்டு அழகை மட்டும் பாடுவது அரை வரலாறே என்பது என் எண்ணம். உங்கள் ஊர்ப் பெரியோர் வாயில் சாயவேர் பற்றிய ஒரு சொல்லேனும் எஞ்சியிருந்தால், நேயர்களே, அதனை எழுதிவையுங்கள்.