செம்மானின் இணைசேர் பருவமும் இடைக்கால வேட்டை விதியும்

செம்மானின் இணைசேர் பருவம் தொடங்கும் காலத்தை ஐரோப்பிய வேட்டையாளர் நுணுகி அறிந்திருந்தனர். அவர்கள் கைக்கொண்ட வேட்டைக்காலமே அதற்குச் சான்று.

இடைக்கால இங்கிலாந்தில் கலைமான் வேட்டை ஜூன் 24, புனித யோவான் விழாவன்று தொடங்கி, செப்டம்பர் 14, திருச்சிலுவை விழாவோடு முடிந்தது. இவ்வெல்லையை உயிரிரக்கத்தின் விளைவாகக் கொள்வதற்கில்லை. பிணைமான் வேட்டை அவ்விழாவிலிருந்தே தொடங்கியது. கோடையில் கலை கொழுத்திருக்கும். இணைசேர் பருவத்திலோ இரையைக் குறைத்து மெலியும், இறைச்சியும் வீச்சமெடுக்கும். தென்பிரான்சின் ஃபுவா கோமகன் காஸ்தோன் ஃபேபுஸ் 1387இல் எழுதத் தொடங்கிய வேட்டை நூல், அப்பருவத்துக் கலைகளின் முழக்கத்தையும் அவை தம்முள் பொருவதையும் விவரிக்கிறது.

அக்காலத்து ஜூலியன் நாட்காட்டியின் செப்டம்பர் 14, 14ஆம் நூற்றாண்டில், இன்றைய கணக்கில் செப்டம்பர் 22 ஆகும். பகலும் இரவும் ஏறத்தாழ ஒத்திருக்கும் நாள் அது. பகற்பொழுது குறைவதே கலையின் உடலில் இணைவேட்கையைத் தூண்டுகிறது என்பது இன்றைய உயிரியல் முடிவு. அரிஸ்டாட்டிலும் சுவாதி விண்மீன் எழுந்த பின்னரே பிணைகள் கருவுறும் என்றார். அவர் காலத்துக் கிரேக்கத்தில் அவ்விண்மீன் விடியலில் மீண்டும் தோன்றியது செப்டம்பர் நடுவில்.

விண்மீனும் விழாவும் வெவ்வேறு அடையாளங்கள். அவை சுட்டிய பருவமாற்றம் ஒன்றே. ஆதலின் சட்ட வரலாற்றுக்குரியனவாகக் கருதப்படும் வேட்டை விதிகளுள், ஏட்டில் எழுதாத வேட்டையாளரின் இயற்கையறிவும் பதிவாகியுள்ளது எனலாம்.