எரிந்த காயிலும் எழுதப்படாத வரலாறும்

மறுபயன்பாட்டை மனதில் வைத்துப் பொருள்களை வடிவமைக்க வேண்டும் என்கிற சொல்லாடல் இப்போது ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் அதற்கொரு சட்டமே போட்டது. கோவையில் இது பழைய சங்கதி. ஆர்.எஸ்.புரத்து ஷோரூம்களில் அல்ல, கிணற்று மேட்டில் நடந்த சங்கதி.

1932இல் பைக்காரா மின்சாரம் உற்பத்தியாகத் தொடங்கியது. மில்களுக்கு வந்த மின்சாரம் கிணறுகளுக்கும் வந்தது. 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி. நாயுடுவும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை இங்கே உருவாக்கினார்கள். கோவையின் தொழில் வரலாறு என்கிற கதையாடல் இந்த மேதைமையோடு நின்றுவிடுகிறது. மோட்டாருக்கு இரண்டாவது, மூன்றாவது ஆயுள் கொடுத்தவர்கள் அதில் இல்லை.

வோல்டேஜ் ஏறி இறங்கும், காயில் எரியும். "காயில் போயிருச்சுங்க" என்று தோட்டத்துக்காரர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வருவார். வார்ப்பிரும்புக் கூடு, ஷாஃப்ட், ரோட்டார் எல்லாம் அப்படியே இருக்கும். காயில் கட்டுகிறவர் எரிந்த செம்புக்கம்பியை உருவி, எத்தனை சுற்று என்று எண்ணி, கேஜ் பார்த்து, புதுக்கம்பி கட்டி வார்னிஷ் ஊற்றுவார். பழைய செம்பு எடைக்குப் போகும். போல்ட்டைக் கழற்றினால் திறந்துகொள்கிற மோட்டாரைச் செய்த முதலாளிக்குச் சுற்றுச்சூழல் கரிசனம் இருந்தது என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். கடன் வாங்கி வெள்ளாமை வைக்கிறவரிடம் விற்க வேண்டுமென்றால் அப்படித்தான் செய்தாக வேண்டும். வடிவமைப்பைத் தீர்மானித்தது வாங்குகிறவரின் வறுமை.

இதைப் புனிதப்படுத்தவும் வேண்டியதில்லை. பழைய காயிலைத் தீயில் வாட்டி எடுக்கிறபோது வருகிற புகை தொழிலாளியின் நெஞ்சுக்குள் போகிறது. சூடு மிஞ்சினால் ஸ்டேட்டர் தகடுகளுக்கு இடையிலான பூச்சு கெட்டு, மோட்டார் கூடுதல் மின்சாரம் தின்னும். 1990இலிருந்து விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் (அதை நிறுத்தச் சொல்லும் கோஷ்டியில் நாம் இல்லை). ஆகவே அந்த நட்டம் மின்வாரியத்தின் கணக்கில் மறைந்துபோகிறது. திறன் பேசுகிற நிபுணர்கள் பழசைக் கழித்துவிட்டு ஸ்டார் முத்திரையுள்ள புதுசை வாங்கச் சொல்கிறார்கள். கம்பெனிக்கும் அதுதான் வேண்டும்.

2022இல் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தபோது எடுத்துக்கொண்ட துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. அங்கே கேட்க ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. மோட்டாரின் பெயர்த்தகட்டில் குதிரைத்திறன், வோல்டேஜ், ஆம்பியர், வேகம் எல்லாம் இருக்கும். சுற்று எண்ணிக்கையும் கம்பி கேஜும் வழக்கமாக இருக்காது. அதனால்தான் பட்டறைக்காரர் கருகிய கம்பியை எண்ணிக்கொண்டிருக்கிறார். முன்னால் கட்டியவர் நாலு சுற்று குறைத்திருந்தால், அந்தக் குறைதான் இவருக்கு அளவு.